எந்த சாஸ்திரி?

புனேயில் குடியேறி ஐம்பது வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டது. என் பெயருக்குப் பின்னால் சாஸ்திரி என்று இருப்பதைப் பார்த்ததும் இங்குள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி, நான் லால் பகதூர் சாஸ்திரிக்கு உறவா என்பதுதான். கேட்பவர் இளைஞராக இருந்தால் அந்த இடத்தில் ரவி சாஸ்திரி வந்துவிடுவார். இரண்டு பேருக்கும் எனக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. லால் பகதூர் பிறப்பால் ஸ்ரீவாஸ்தவா. ஜாதியைக் காட்டும் அந்தப் பெயரை விட்டுவிட்டு, காசி வித்யாபீடத்தில் படித்துப் பெற்ற சாஸ்திரி பட்டத்தை வைத்துக்கொண்டார். ரவியின் குடும்பத்துக்குப் பூர்வீகம் மங்களூர் பக்கம்.

இதை இப்போது எழுதக் காரணம் என் பேரனின் பள்ளி விண்ணப்பம். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் அதில் இருந்தது. தமிழ்நாட்டில் இனிஷியலோடு முடிந்துபோகும் விஷயம், வடக்கே வந்தால் ஒவ்வொரு படிவத்திலும் வழக்காக நிற்கிறது. டில்லி, நாக்பூர், கல்கத்தா என்று எங்கே இருக்கும் நம்மவர்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். அப்பா பெயரைப் போடலாம் என்றாள் மாட்டுப்பெண். சாஸ்திரி என்றே இருக்கட்டும் என்றான் பிள்ளை. பேரன் மட்டும், எந்த சாஸ்திரி மாதிரி என்று என்னைக் கேட்டான். அன்று பாதி பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

சாஸ்திரி என்பது ஒரு வம்சத்தின் பெயரே அல்ல. சாஸ்திரம் வாசித்தவருக்கு ஊர் கொடுத்த பெயர், பிறகு பிள்ளைக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. தீக்ஷிதர், கனபாடிகள், வாஜபேயி எல்லாமே இப்படி வந்தவைதான். அதனால்தான் இந்தப் பெயர் மொழி பேதமில்லாமல் தேசம் முழுவதும் கிடக்கிறது. சங்கீத மும்மூர்த்திகளில் மூத்தவரான சியாமா சாஸ்திரி தஞ்சாவூரில் பங்காரு காமாட்சிக்கு பூஜை செய்தவர். பண்டித நடேச சாஸ்திரி நம் பாட்டிக் கதைகளைத் தேடிச் சேர்த்து ஆங்கிலத்தில் அச்சேற்றியவர். சோழர் சரித்திரம் என்றாலே நினைவுக்கு வரும் நீலகண்ட சாஸ்திரி கல்லிடைக்குறிச்சியில் 1892-ல் பிறந்தவர்.

எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது ஓலைச்சுவடி தேடிய மூன்று சாஸ்திரிகள். மூவரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர்கள். மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் இருந்த ஷாம சாஸ்திரியிடம் 1905-ல் தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த சுவடிதான் கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். 1909-ல் அது அச்சில் வந்தது. திருவனந்தபுரத்தில் கணபதி சாஸ்திரி, பெயரளவில் மட்டும் தெரிந்திருந்த பாஸனுடைய நாடகங்கள் என்று பதின்மூன்றைக் கண்டெடுத்து 1912 முதல் பதிப்பித்தார். வங்காளத்து ஹரப்பிரசாத் சாஸ்திரி நேபாளத்துக்குப் போய் 1907-ல் சர்யாபதம் என்ற பழம்பாடல்களைக் கண்டுபிடித்தார். அவர் பிறப்பால் பட்டாசார்யர், சாஸ்திரி என்பது படித்து வந்த பட்டம்.

ஆனால் எங்கள் வீட்டில் சாஸ்திரி என்று தனியாகச் சொன்னால் அது இவர்களில் ஒருவரையும் குறிக்காது. ரைட் ஆனரபிள் வி. எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரியைத்தான் குறிக்கும். என் தாத்தா அந்தப் பெயரைக் கோபத்தோடு சொல்வார், அப்பா பெருமையோடு சொல்வார். தாத்தாவின் தங்கை, எங்கள் அத்தைப் பாட்டி, அவரைப் பற்றி என்ன நினைத்தாள் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அவர் பிறந்தது 1869 செப்டம்பர் 22, கும்பகோணத்துக்கு அருகே வலங்கைமானில். பாடைக் காவடி எடுக்கும் மாரியம்மன் கோயிலால் பெயர் பெற்ற ஊர். தகப்பனார் சங்கரநாராயண சாஸ்திரி ஏழை வைதிகர். காந்திஜி பிறந்தது அதே வருஷம் அக்டோபர் 2. பத்து நாள் இளையவர். அந்தப் பத்து நாள் கணக்கை வைத்துக் காந்திஜி கடைசி வரை இவரை மூத்த சகோதரராகவே பாவித்தார். சகோதரர்களுக்குள் அபிப்பிராய பேதமும் கடைசி வரை இருந்தது.

கும்பகோணம் காலேஜில் படித்து 1887-ல் பி.ஏ. தேறினார். மாயவரத்தில் வாத்தியார் வேலை, பிறகு சேலம், பிறகு சென்னை திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியர். வைதிகர் வீட்டுப் பிள்ளை சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தார். உச்சரிப்பில் ஓர் எழுத்து பிசகினாலும் பொறுக்காத மனிதர். 1904-ல் திருவல்லிக்கேணி நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். சென்னைக்காரர்களுக்கு டி.யு.சி.எஸ். என்றால் தெரியும். அரிசி பருப்பை நியாய விலைக்கு விற்க ஆரம்பித்த அந்தச் சங்கத்துக்குப் பின்னால் ஓர் இங்கிலீஷ் வாத்தியார் இருந்தார் என்பது கியூவில் நின்றவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

1907-ல் பள்ளி வேலையை விட்டுவிட்டு கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அது 1905-ல் எங்கள் புனேயில் தொடங்கியது. சேருகிறவர்கள் சொற்ப ஜீவனாம்சத்தை ஏற்றுக்கொண்டு ஆயுள் முழுவதும் தேச வேலை செய்ய வேண்டும். குடும்பஸ்தர், முப்பத்தேழு வயதில், நிலையான தலைமை ஆசிரியர் பதவியை உதறிவிட்டுப் போவது சின்ன விஷயமில்லை. 1915 பிப்ரவரியில் கோகலே காலமானார். காந்திஜி சங்கத்தில் சேரலாமா என்று பேச்சு நடந்தது. அவருடைய வழி வேறு என்று உறுப்பினர்கள் தயங்க, அவரே விலகிக்கொண்டார். தலைவர் பொறுப்பு சாஸ்திரிக்கு வந்தது.

இனி என் தாத்தாவின் கோபம். ஸ்ரீனிவாச சாஸ்திரி 1913-ல் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினரானார். மறு வருஷம், பெண்கள் பெரியவளான பிறகு நடக்கும் விவாகமும் செல்லும் என்று சட்டப்படி ஆக்க ஒரு மசோதா கொண்டுவர முயன்றார். பிராமணக் குடும்பங்களில் அதற்கு முன்பே பெண்ணைக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தோஷம் என்று இருந்த காலம். வைதிகர்கள் கொதித்தெழுந்தார்கள். சாஸ்திரி என்று பேர் வைத்துக்கொண்டு சாஸ்திரத்தை மாற்ற இவன் யார் என்பதுதான் என் தாத்தாவின் கேள்வி. அவரைப் போல் ஊருக்கு ஊர் ஆயிரம் பேர் கேட்டார்கள். மசோதா நிறைவேறவில்லை.

அத்தைப் பாட்டிக்கு அப்போது பத்து வயது. எட்டு வயதில் கல்யாணம் ஆகியிருந்தது. மறு வருஷம் அகத்துக்காரர் விஷ ஜுரத்தில் போய்விட்டார். அவர் முகம் தனக்குச் சரியாக நினைவில்லை என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அறுபத்துச் சொச்சம் வருஷம் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். நாக்பூரில் அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். தாத்தாவும் கடைசிக் காலத்தில் எங்களோடுதான் இருந்தார். சாயங்காலங்களில் தாத்தாவும் அப்பாவும் ஸ்ரீனிவாச சாஸ்திரியை வைத்துத் தர்க்கம் செய்வார்கள். அவள் வாய் திறக்க மாட்டாள். தாத்தா போன பிறகு ஒருநாள் அப்பா பேப்பரில் அவரைப் பற்றி ஏதோ படித்துக்காட்டியபோது, நம்ம சாஸ்திரியா என்று கேட்டாள். அந்த ‘நம்ம’ எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. அவள் கல்யாணம் மசோதாவுக்கு முன்பே நடந்தது. அது நிறைவேறியிருந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் நம்ம சாஸ்திரி.

1916-ல் அவர் டில்லி சட்டசபைக்குப் போனார். 1919 பிப்ரவரியில் ரௌலட் மசோதாவை எதிர்த்து அவர் பேசிய பேச்சு தேசம் முழுவதும் பேசப்பட்டது. விசாரணையில்லாமல் ஆளைப் பிடித்து வைக்க இடம் கொடுக்கும் சட்டம் நல்லவனையும் பயத்தில் வாழவைக்கும் என்பது அவர் வாதம். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் காந்திஜியும் ஒருவர். ஆனால் அந்தச் சட்டத்தை எதிர்த்துக் காந்திஜி சத்தியாக்கிரகம் தொடங்கியபோது சாஸ்திரி சேரவில்லை. சட்டத்தை மீறக் கற்றுக்கொண்ட ஜனங்கள் நாளை நம் சட்டத்தையும் மீறுவார்கள் என்று பயந்தார். மிதவாதிகளின் லிபரல் கட்சியில் நின்றார். வெள்ளைக்காரனுக்குத் தாளம் போடுகிறார் என்ற ஏச்சு அன்றைக்கு ஆரம்பித்து அவர் போகும் வரை ஓயவில்லை.

அந்த ஏச்சில் நியாயம் கொஞ்சம் இருந்தது என்றே நானும் நினைக்கிறேன். 1921-ல் லண்டன் சாம்ராஜ்ய மாநாடு, ஜெனீவாவில் சர்வதேச சங்கம், வாஷிங்டனில் கடற்படை மாநாடு என்று ஒரே வருஷத்தில் இந்தியாவின் பிரதிநிதியாகப் பறந்தார். பிரிவி கவுன்சிலர் ஆனார், ரைட் ஆனரபிள் என்ற அடைமொழி அதோடு வந்ததுதான். லண்டன் மாநகரம் கௌரவக் குடிமகனாக்கியது. குடியேறிய நாடுகளில் இந்தியர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று மாநாட்டில் தீர்மானம் போட வைத்தார். தென்னாப்பிரிக்கா மட்டும் ஒப்பவில்லை. 1922-ல் ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா முழுவதும் சுற்றிப் பேசினார். ஆஸ்திரேலியாவில் குடியிருந்த இந்தியர்களுக்கு 1925-ல் வாக்குரிமை கிடைத்ததில் அந்தப் பயணத்துக்குப் பங்கு உண்டு. கனடாவில் அவ்வளவு பலிக்கவில்லை.

அப்புறம் 1923-ல் கென்யா. அங்கே மேட்டு நிலங்கள் வெள்ளையர்களுக்கே என்றும், இந்தியர்களுக்குச் சம வாக்கு இல்லை என்றும் லண்டன் அரசாங்கம் ஜூலையில் முடிவு சொன்னது. சாம்ராஜ்யத்துக்குள் சமத்துவம் கிடைக்கும் என்று நாடு நாடாகச் சொல்லிவந்த மனிதருக்கு அது முகத்தில் அடித்த மாதிரி. உடைந்துபோனார். அடுத்த வருஷம் லண்டனில் நடக்க இருந்த சாம்ராஜ்யக் கண்காட்சியை இந்தியா பகிஷ்கரிக்க வேண்டும் என்று, பகிஷ்காரமே பிடிக்காத அவரே சொன்னார். அதோடு அவர் கட்சி மாறியிருக்க வேண்டும் என்பார் அப்பா, அவருக்கு வீர பக்தி இருந்தும். மாறவில்லை.

தென்னாப்பிரிக்க விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். 1926 டிசம்பரில் கேப்டவுனில் இரண்டு அரசாங்கங்களும் கூடிப் பேசின. நம் பக்கத்துக் குழுவில் சாஸ்திரியும் இருந்தார். இந்தியர்களைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கும் மசோதாவை அவர்கள் கைவிட்டார்கள். அங்கேயே தங்குகிற இந்தியர்களைக் கல்வியிலும் வாழ்க்கையிலும் உயர்த்துவோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பதிலாக, ஊர் திரும்ப விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு 20 பவுண்டு கொடுத்து அனுப்பும் திட்டத்துக்கு நாம் ஒத்துக்கொண்டோம். கரும்புத் தோட்டத்துக்குப் போன ஏழைகளைக் காசு கொடுத்துக் கப்பலேற்றுவது கௌரவமான ஏற்பாடா என்று அன்றே கேட்டார்கள். இன்று படித்தாலும் அந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் இல்லை.

ஒப்பந்தத்தைக் காகிதத்தில் விடாமல் நடத்திக்காட்ட அங்கே ஒருவர் வேண்டும். காந்திஜி சாஸ்திரியைத்தான் போகச் சொல்லி வற்புறுத்தினார். தாம் இருபது வருஷம் உழைத்த நாட்டுக்குத் தம் அரசியல் எதிர்க்கட்சிக்காரரை அனுப்பச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். உடம்பு சரியில்லை என்று தயங்கிய சாஸ்திரி, 1927 ஜூனில் இந்தியாவின் முதல் ஏஜெண்டாகப் போய் இறங்கினார். ஒன்றரை வருஷம் இருந்தார். வெள்ளையர் சபைகளில் ஏறி அவர்கள் பாஷையில் அவர்களைவிட நன்றாகப் பேசினார். 1928-ல் டிரான்ஸ்வாலில் கிளெர்க்ஸ்டார்ப் என்ற ஊரில் அவர் கூட்டத்துக்குள் வெள்ளையர் கும்பல் புகுந்து கலாட்டா செய்தது. அவர் நிதானம் இழக்கவில்லை, அதை வைத்துப் பெரிய வழக்கும் ஆக்கவில்லை. அதே வருஷம் அவருக்குத் தர வந்த சர் பட்டத்தை வேண்டாம் என்றார்.

அவர் அங்கே விட்டு வந்தது ஒரு பள்ளிக்கூடம். நேட்டாலில் இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் படிப்புக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் சரியான இடம் இல்லை. அங்குள்ள இந்தியர்களிடமே சாஸ்திரி பணம் திரட்டினார். ஆசிரியர்களை இந்தியாவிலிருந்து வரவழைக்க ஏற்பாடு செய்தார். டர்பனில் 1929 அக்டோபரில் திறந்தார்கள், அதற்குள் அவர் ஊர் திரும்பிவிட்டார். பெயர் சாஸ்திரி காலேஜ். 1936 முதல், வெள்ளையர் அல்லாதவர்களைத் தன் வளாகத்தில் சேர்க்காத நேட்டால் பல்கலைக்கழகக் கல்லூரி அவர்களுக்கான வகுப்புகளை இந்தக் கட்டடத்தில்தான் நடத்தியது. வலங்கைமான் வைதிகர் வீட்டுப் பெயர், தமிழ், தெலுங்கு, ஹிந்தி, குஜராத்தி பேசும் வீடுகளின் ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்துவப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் வாசலில் ஏறியது. சாஸ்திரி என்ற பெயருக்கு நம் நாட்டில் கிடைத்த எந்தப் பட்டயத்தையும்விட இது எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930, 31-ல் வட்டமேஜை மாநாடுகள். 1931-ல் காந்தி இர்வின் உடன்படிக்கை உண்டாக சப்ரூ, ஜயகர் இருவரோடும் சேர்ந்து இருபக்கமும் நடந்தார். 1935 முதல் 1940 வரை சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். நடுவில் மலாயாவுக்குப் போய் தோட்டத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய அறிக்கைக்கு, போதிய கடுமை இல்லை என்று கண்டனம் வந்தது. 1940-ல் கலைச்சொல் குழுவுக்குத் தலைமை தாங்கியபோது சமஸ்கிருதத்தின் பக்கம் சாய்கிறார் என்று தமிழறிஞர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்த்ததில் தப்பில்லை. அறிவியலைத் தமிழில் சொல்லத் தமிழிலேயே சொல் கிடைக்கும் என்பதை அப்புறம் வந்தவர்கள் செய்துகாட்டினார்கள்.

காந்திஜியின் சுயசரிதையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அதன் திருத்திய பதிப்பு 1940-ல் வந்தபோது, மதிப்புக்குரிய ஒரு நண்பர் வரி வரியாகப் பார்த்துக் கொடுத்தார், பெயர் சொல்ல வேண்டாம் என்று நிபந்தனை போட்டிருக்கிறார் என்று முன்னுரையில் குறிப்பு இருந்தது. அந்த நண்பர் சாஸ்திரிதான் என்பது பிறகு தெரிந்தது. தம் கொள்கைக்கு ஒத்துவராத புத்தகத்துக்கு வாத்தியார் சிவப்பு மை போட்டிருக்கிறார், கையெழுத்து மட்டும் போடவில்லை.

1944-ல், எழுபத்தைந்து வயதில், மயிலாப்பூர் சம்ஸ்கிருத அகாடமியில் வால்மீகி ராமாயணத்தைப் பற்றி முப்பது சொற்பொழிவுகள் செய்தார். ஆங்கிலத்தில். ராமனைத் தெய்வமாகப் பாராமல் கஷ்டப்பட்ட மனிதனாகப் பார்த்தார். சீதையைப் பற்றிப் பேசும்போது கண் கலங்கிப் பேச்சு நின்றுபோனது உண்டு என்று கேட்டவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயுள் முழுவதும் இங்கிலீஷ் வாத்தியாராகவும் ராஜதந்திரியாகவும் இருந்தவர், கடைசியில் தகப்பனார் பெயருக்கு உரிய வேலைக்கு வந்துசேர்ந்தார். என் தாத்தாவிடம் இதைச் சொன்னார்களாம். ராமனை மனுஷனாக்கினதற்கு ஒரு கோபம் கூடியதே தவிர வேறு பலன் இல்லை.

1946 ஜனவரியில் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவரைக் காந்திஜி வந்து பார்த்தார். பத்து நாள் மூத்தவரும் பத்து நாள் இளையவரும். ஏப்ரல் 17 அன்று சாஸ்திரி காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் பதினாறு மாதம் இருந்தது. அவர் வேண்டாம் என்ற பிரிவினையும் அதோடு சேர்ந்து வந்தது. அதைப் பார்க்காமல் போனார்.

பேரனுக்கு இவ்வளவையும் ஒரே நாளில் சொல்ல முடியுமா? பள்ளிக்கூடக் கதையும் திருத்திக்கொடுத்த புத்தகத்தின் கதையும் அவனுக்குப் பிடித்திருந்தது. அத்தைப் பாட்டியைப் பற்றி அவன் கொஞ்சம் பெரியவனானதும் சொல்வேன்.

படிவத்தில் சாஸ்திரி என்றே எழுதினோம். ஆங்கிலத்தில் எஸ்ஸுக்குப் பின்னால் எச் போடுவதா வேண்டாமா என்று மறுபடி ஒரு விவாதம். என் பான் கார்டில் எச் உண்டு, பாஸ்போர்ட்டில் கிடையாது, அதனால் பட்ட பாடு தனிக் கதை. டர்பன் பள்ளிக்கூடத்துப் பலகையில் எச் இல்லை. பேரனுக்கும் இல்லாமலே போட்டிருக்கிறோம்.